இளைப்பாறல் யார் கணக்கில்?

ஒரு இசைத்தட்டை ஒழித்துக்கட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, திட்டுவது. இன்னொன்று, "ரொம்ப ரிலாக்ஸிங்கா இருக்கு" என்று பாராட்டுவது. திட்டு வாங்கிய தட்டு பல சமயம் பிழைத்துக்கொள்ளும். அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க நாலு பேராவது வருவார்கள். ரிலாக்ஸிங் என்று பெயர் வாங்கிய தட்டுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. படிக்கும்போதோ, சமைக்கும்போதோ, தூங்கப் போகும்போதோ ஓடவிடுவார்கள். கேட்க மாட்டார்கள்.

ஐக் கியூபெக் என்ற டெனர் சாக்சபோன் கலைஞரின் 'இட் மைட் ஆஸ் வெல் பி ஸ்பிரிங்' ஆல்பத்துக்கு நேர்ந்திருப்பது இதுதான். 1961 டிசம்பர் 9ஆம் தேதி, நியூ ஜெர்சியில் இங்கிள்வுட் கிளிஃப்ஸ் என்ற ஊரில், ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோவில் பதிவானது. வெளியிட்டது புளூ நோட் நிறுவனம். சாக்சபோன் கியூபெக், ஆர்கன் ஃபிரெடி ரோச், டபுள் பாஸ் மில்ட் ஹின்டன், டிரம்ஸ் ஆல் ஹேர்வுட். நான்கே பேர், ஆறே பாட்டு. அதில் நான்கு, அமெரிக்கர்கள் 'ஸ்டாண்டர்ட்' என்று சொல்லும், எல்லோருக்கும் தெரிந்த பழைய பாட்டுகள். மீதி இரண்டும் கியூபெக்கே எழுதியவை.

சாக்சபோன், ஆர்கன், காதல் பாட்டு, மெதுவான நடை. இந்த நாலையும் சேர்த்துச் சொன்னவுடனேயே மெழுகுவர்த்தியும் ஒயின் கோப்பையும் கண்முன் வந்து நிற்கின்றன இல்லையா? வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்த ஆல்பத்துக்கு எதிராக இரண்டு கட்சிகள் இருக்கின்றன. ஒன்று ஜாஸ் தெரிந்தவர்கள் கட்சி: இதெல்லாம் ரொம்ப இலேசான சரக்கு என்பார்கள். இன்னொன்று ஜாஸைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் கட்சி: இலேசாக இருப்பதால்தான் பிடிக்கிறது என்பார்கள். ஒருவர் வைகிறார், ஒருவர் புகழ்கிறார். ஆனால் இருவரும் சொல்வது ஒன்றேதான். இதில் உழைப்பு இல்லை!

முதல் கட்சியை முதலில் கவனிப்போம்.

1961 ஜாஸ் உலகத்தில் சாதாரண வருஷம் இல்லை. ஆர்னெட் கோல்மனின் 'ஃப்ரீ ஜாஸ்' வெளிவந்தது அந்த வருஷத்தில். நவம்பர் மாதம் நியூயார்க்கில் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் ஜான் கோல்ட்ரேன் வாசித்த கச்சேரிகள் பதிவாயின. அதே நவம்பரில் 'டவுன்பீட்' பத்திரிகையில் ஒரு விமர்சகர் கோல்ட்ரேன் இசையை 'ஜாஸுக்கு எதிரான இசை' என்று தாக்கி எழுதினார். வீடு பற்றி எரிகிற மாதிரி ஒரு காலம். அதற்கடுத்த மாதம் ஒருவர் ஸ்டூடியோவுக்குப் போய் 1945ஆம் வருஷத்துச் சினிமாப் பாட்டை ஆற அமர வாசித்தால், "இவருக்கு விஷயமே தெரியாதா?" என்றுதான் கேட்பார்கள்.

ஆனால் அந்தக் கோல்ட்ரேனே 1961-62இல் என்ன செய்தார்? இதே மாதிரி மெதுவான காதல் பாட்டுகளாகப் பொறுக்கியெடுத்துப் பதிவு செய்தார். 1963இல் 'பேலட்ஸ்' என்ற பெயரில் அது வந்தது. அதை யாரும் ஒயின் கடைச் சங்கீதம் என்று சொல்வதில்லை. கோல்ட்ரேன் மெதுவாக வாசித்தால் ஆழம், கியூபெக் மெதுவாக வாசித்தால் அலுப்பு என்றால், அது காது கொடுத்த தீர்ப்பு இல்லை. அட்டையில் போட்டிருக்கும் பெயர் கொடுத்த தீர்ப்பு.

மெதுவாக வாசிப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நிமிஷத்துக்கு 240 தட்டு வேகத்தில் ஒரு தட்டுக்குக் கால் நொடி. ஒரு ஸ்வரம் கொஞ்சம் பிசகினாலும் அடுத்தது வந்து அதை மூடிவிடும். நிமிஷத்துக்கு 60 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு முழுசாக ஒரு நொடி. இந்த வகைப் பாட்டுகள் பெரும்பாலும் 32 பார் கொண்டவை; ஒரு பாருக்கு நான்கு தட்டு. ஆக ஒரு சுற்று முடிய 128 நொடி, அதாவது இரண்டு நிமிஷத்துக்கும் மேலே. அவ்வளவு நேரமும் வாசிப்பவர் பட்டப்பகலில் நடுத்தெருவில் நிற்கிற மாதிரிதான். ஒதுங்க ஒரு திண்ணை கிடையாது. மூச்சு வாங்குவது கேட்கும், ஸ்வரத்தின் நுனி ஆடினால் தெரியும், ஆரம்பத்தில் நாக்கு தடுக்கினாலும் தெரியும். சவுக்க காலத்தில் பாடத் தெரிந்தவருக்குக் கர்நாடக சங்கீதத்தில் ஏன் தனி மரியாதை என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கியூபெக் கோல்மன் ஹாக்கின்ஸ், பென் வெப்ஸ்டர் வழியில் வந்தவர். அந்த வழியில் ஒலி என்பது தொண்டையிலிருந்து வருகிற மாதிரி கனமாக, காற்று கலந்து இருக்கும். ஒரு ஸ்வரத்தை எடுத்துவிட்டு அதை அப்படியே போட்டுவிட்டுப் போக மாட்டார்கள். பிடித்து நிறுத்தி, கடைசியில் மெல்ல நடுங்கவிட்டு, பிறகுதான் விடுவார்கள். பாட்டின் சொற்கள் மனசில் ஓடாமல் இதைச் செய்ய முடியாது. அந்தத் தலைமுறையில் லெஸ்டர் யங் போன்றவர்கள், சொல் தெரியாமல் பாட்டை வாசிக்காதே என்று வலியுறுத்தியதற்குக் காரணம் இதுதான். சாக்சபோனில் சொல் கிடையாது. ஆனால் சொல் தெரிந்தவர் எங்கே மூச்சு விடுகிறார் என்பதில் எல்லாம் தெரிந்துவிடும்.

அடுத்தது ஆர்கன். ஜாஸ் தெரிந்தவர்கள் முகம் சுளிப்பது பாதி இந்த வாத்தியத்தால்தான். லாரன்ஸ் ஹேமண்ட் 1935இல் சந்தைக்குக் கொண்டுவந்த மின்சார ஆர்கன், பெரிய குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத சர்ச்சுகளைக் குறிவைத்து வந்த சரக்கு. குழாய் ஆர்கனுக்குச் சமம் என்கிற மாதிரி விளம்பரம் செய்ததற்காக அமெரிக்க வர்த்தக ஆணையம் 1936இல் அந்த நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. 1938இல் சில விளம்பர வாசகங்களை நிறுத்தும்படி உத்தரவும் வந்தது. ஆக, பிறக்கும்போதே 'மலிவான நகல்' என்ற பெயரோடு பிறந்த வாத்தியம் இது.

அந்த மலிவான நகலைக் கறுப்பின மக்களின் சர்ச்சுகள் எடுத்துக்கொண்டன. அங்கிருந்து அவர்கள் குடியிருப்புகளின் பார்களுக்கு வந்தது. 1956இல் ஜிம்மி ஸ்மித் புளூ நோட்டில் பதிவு செய்ய ஆரம்பித்த பிறகு ஆர்கன் ஜாஸ் ஒரு அலையாகவே ஆகிவிட்டது. இதில் ஒரு வியாபாரக் கணக்கும் இருந்தது. ஆர்கன் வாசிப்பவர் இடது கையாலும் காலாலும் பாஸ் வாசித்துவிடுவார். ஆகவே பார் முதலாளி பியானோவுக்கு ஒருவர், பாஸுக்கு ஒருவர் என்று இரண்டு சம்பளம் கொடுக்க வேண்டாம். ஆர்கன் ஒரு ஆள் குறைப்புத் திட்டம் என்றே சொல்லலாம்.

இந்த ஆல்பத்தில் அந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. ஆர்கனும் உண்டு, தனியாகப் பாஸும் உண்டு. அதுவும் சாதாரணப் பாஸ் இல்லை, மில்ட் ஹின்டன்! ஏதோ ஒன்றை ஒப்பேற்ற நினைப்பவர்கள் அவரைக் கூப்பிட மாட்டார்கள். பாஸ் சுமை தோளிலிருந்து இறங்கியதால் ரோச் என்ன செய்கிறார் என்று கவனிக்க வேண்டும். பியானோ ஸ்வரம் அடித்த கணமே தேய ஆரம்பிக்கும். ஆர்கன் ஸ்வரம் விரலை எடுக்கும்வரை அப்படியே நிற்கும். மெதுவான பாட்டில் இது பெரிய ஆபத்து. விரல் கொஞ்சம் சோம்பினால் மொத்தமும் பாகு மாதிரி ஒட்டிக்கொள்ளும். ரோச் எதை வாசிக்கிறார் என்பதைவிட எப்போது விரலை எடுக்கிறார் என்பதில்தான் அவர் யார் என்று தெரிகிறது. கியூபெக் ஒரு வரியை முடிக்கும்போது அடியில் ஒரு மெல்லிய விரிப்பைப் போட்டுவிட்டு, அவர் அடுத்த வரியை எடுப்பதற்குள் அதை உருவிக்கொள்கிறார். தன் பெயரில் முதல் ஆல்பம் வராத ஆர்கன் கலைஞர் அப்போது அவர். அது 1962இல்தான் வந்தது. தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டிய வயசில், அடங்கி வாசிப்பது என்று முடிவு செய்திருக்கிறார். இது சோம்பலா?

சரி, 'காதல் பாட்டு' என்ற பட்டத்தைப் பார்ப்போம். தலைப்புப் பாட்டு ரிச்சர்ட் ராட்ஜர்ஸும் ஆஸ்கர் ஹேமர்ஸ்டைனும் 'ஸ்டேட் ஃபேர்' என்ற 1945 படத்துக்கு எழுதியது. அகாடமி விருது வாங்கிய பாட்டு. காரணம் தெரியாத ஒரு தவிப்பில் இருக்கும் பெண் பாடுவது. 'லவர் மேன்' பில்லி ஹாலிடே 1944இல் பதிவு செய்து அவருடையதாகவே ஆகிவிட்ட பாட்டு. அதில் காதலன் இன்னும் வரவே இல்லை. 'வில்லோ வீப் ஃபார் மீ' ஆன் ரோனெல் என்ற பெண் இசையமைப்பாளர் 1932இல் எழுதியது. அழ வேண்டியது மரம், ஏனென்றால் அழுது தீர்த்தவருக்கு இனிமேல் முடியாது. ஆக, மூன்று பாட்டிலும் மெழுகுவர்த்தி ஏற்றி உட்கார ஒரு ஜோடி கூட இல்லை. தனியாக இருப்பவர்களின் பாட்டுகள் இவை.

நான்காவது, 'ஓல்' மேன் ரிவர்'. ஜெரோம் கெர்னும் ஹேமர்ஸ்டைனும் 1927இல் 'ஷோ போட்' நாடகத்துக்காக எழுதியது. மிசிசிப்பி படகுத்துறையில் மூட்டை தூக்கும் கறுப்பினத் தொழிலாளி பாடுவது. பால் ரோப்சன் தன் மேடைகளில் இதன் சொற்களையே மாற்றி, ஓய்ந்துபோனவனின் புலம்பலைப் போராடுகிறவனின் பாட்டாக ஆக்கினார். கியூபெக் குழு இதைப் புலம்பலாக எடுக்கவில்லை, நடையைக் கூட்டித் துள்ளலாக வாசிக்கிறது. மூட்டை தூக்குபவனின் பாட்டு நடுவில் இருக்கும் ஒரு ஆல்பத்தை 'இரவு விருந்துக்கு ஏற்ற காதல் இசை' என்று பட்டியல் போடுகிறவர்கள், கடைசிவரை கேட்டார்களா என்ற சந்தேகம் வருவது நியாயம்தானே?

மில்ட் ஹின்டனுக்கு அந்தப் பாட்டின் அர்த்தம் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. அவர் 1936 முதல் 1951 வரை கேப் கேலோவே இசைக்குழுவில் இருந்தவர். பயணத்தில் கேமராவோடு திரிந்த நல்ல புகைப்படக்காரர். தென் மாநிலங்களில் 'கறுப்பர்களுக்கு' என்று எழுதிய பலகைகளின் கீழே தன் சக கலைஞர்களை நிற்கவைத்து அவர் எடுத்த படங்கள் இன்று வரலாற்று ஆவணங்கள். கியூபெக்கும் 1944இல் அதே கேலோவே குழுவில் சேர்ந்தார். அந்த டிசம்பர் நாளில் ஸ்டூடியோவில் நின்ற இந்த இருவரும் பழைய பஸ் கூட்டாளிகள். அவர்கள் வாசிப்பில் தெரியும் நிதானத்துக்கு அடியில் எத்தனை ஆயிரம் மைல் இருக்கிறது என்று யோசித்துப் பார்க்கலாம்.

கியூபெக் கதை இன்னும் மோசம். 1918இல் நியூ ஜெர்சி நியூவார்க்கில் பிறந்தவர். 1944இல் 'புளூ ஹார்லெம்' என்ற தட்டு ஜூக்பாக்ஸ்களில் ஓடு ஓடென்று ஓடியது. திலோனியஸ் மாங்க், பட் பவெல் ஆகியோரைப் புளூ நோட்டின் ஆல்ஃபிரட் லயனுக்கு அறிமுகப்படுத்தியவர் இவர்தான். மாங்க் யார் என்று இன்று உலகத்துக்கே தெரியும், கைகாட்டியவரைத் தெரியாது. 1950களில் போதைப் பழக்கம் இவரை விழுங்கியது. அந்தப் பத்து வருஷத்தில் பதிவுகள் ஏறக்குறைய இல்லை. 1959இல் மறுபடி ஆரம்பித்தபோது புளூ நோட் கொடுத்த வேலை, ஜூக்பாக்ஸ்களுக்கான சின்ன 45 தட்டுகள். பிறகு 1961 கடைசியில் அணை உடைந்தது: நவம்பர் 26இல் 'ஹெவி சோல்', டிசம்பர் 9இல் இந்த ஆல்பம், டிசம்பர் 16, 23இல் 'புளூ அண்ட் சென்டிமென்டல்'. நான்கு வாரத்தில் மூன்று ஆல்பம்! நடுவில் கிரான்ட் கிரீனின் பதிவு ஒன்றிலும் வாசித்திருக்கிறார். 1963 ஜனவரி 16ஆம் தேதி நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். வயது 44. ஊதுகிறவரின் நுரையீரல்.

ஸ்டூடியோவில் நின்ற அன்று அவருக்கு நோய் தெரியுமா தெரியாதா என்பதை வைத்து யாரும் கண்ணீர்க் கதை கட்ட வேண்டாம். அது தேவையும் இல்லை. பத்து வருஷத்தைத் தொலைத்த ஒரு ஆள், 43 வயதில் கிடைத்த வாய்ப்பில் அவசரமே படாமல் வாசிக்கிறார் என்பது மட்டும் போதும். விட்டதைப் பிடிக்க வேகவேகமாக வாசித்துத் திறமையைக் காட்டியிருக்கலாம். அவர் காட்டவில்லை.

இப்போது இரண்டாவது கட்சி. அவர்கள் கேட்கும் கேள்வி நியாயமானது: "ஜூக்பாக்ஸுக்காக வாசித்தவர்தானே? பாரில் நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது ஓடிய இசைதானே? இன்று வேலை பார்த்துக்கொண்டே கேட்டால் மட்டும் என்ன குற்றம்? களைத்த மனுஷன் இளைப்பாறக் கூடாதா?"

தாராளமாக இளைப்பாறலாம். ஷிஃப்ட் முடிந்து வந்தவர்களுக்காகத்தான் அந்த பார்களே இருந்தன. ஆனால் ஜூக்பாக்ஸில் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அதில் காசு போட்டவர் பெயரைப் பார்த்து பட்டனை அழுத்தினார். பாதி கவனத்தோடு கேட்டாலும் அது யார் வாசிப்பு என்று அவருக்குத் தெரியும். பட்டியலில் 'மனநிலை' என்று ஒரு பட்டன் இல்லை.

இன்று அந்தப் பட்டன்தான் இருக்கிறது. 'ரிலாக்ஸ் ஜாஸ்', 'காபி ஜாஸ்', 'படிக்க ஜாஸ்'. பெயரே வேண்டாம் என்றான பிறகு அந்த இடத்தில் யாரை வைத்தால் என்ன? 2022இல் ஸ்வீடனின் 'டாகென்ஸ் நீஹேட்டர்' நாளிதழ், ஏறக்குறைய 20 பாட்டெழுத்தாளர்கள் 500க்கும் மேற்பட்ட கலைஞர் பெயர்களுக்குப் பின்னால் இருப்பதாக எழுதியது. லிஸ் பெல்லி என்ற பத்திரிகையாளர் 'ஹார்ப்பர்ஸ்' இதழிலும், 2025இல் வந்த 'மூட் மெஷின்' புத்தகத்திலும் இதைத் தோண்டியெடுத்தார்: மனநிலைப் பட்டியல்களில் மலிவான உரிமத்தில் கிடைக்கும் பாட்டுகளை நிரப்ப ஸ்பாட்டிஃபையில் ஒரு உள்திட்டமே இருந்தது, ஜாஸும் அதில் ஒரு முக்கிய வகை. மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு, கற்பனைப் பெயர்களில் வெளிவரப்போகும் துண்டுகளை உண்மையான ஜாஸ் கலைஞர்களே வாசித்துக் கொடுத்ததையும் எழுதினார்.

வியாபாரமாகப் பார்த்தால் இதில் தப்பே தெரியாது. கேட்பவர் பெயரைக் கேட்கவில்லை. எனவே பெயர் உள்ள சரக்குக்கு ஏன் கூடுதல் விலை? ராயல்டி ஒரே பானையிலிருந்து பங்கு பிரிக்கப்படும் முறையில், மலிவான சரக்கு எவ்வளவு நேரம் ஓடுகிறதோ அவ்வளவு பங்கு மற்றவர்களுக்குக் குறையும். 2024 முதல் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1000 தடவையாவது ஓடவில்லையென்றால் பதிவுக்கான ராயல்டியே கிடையாது என்ற விதியையும் ஸ்பாட்டிஃபை கொண்டுவந்தது. கவனிக்க: இதையெல்லாம் சாத்தியமாக்கியது எந்த இயந்திரமும் இல்லை. "யார் வாசித்தால் என்ன, ரிலாக்ஸிங்கா இருந்தா சரி" என்ற அந்த அப்பாவிப் பாராட்டுதான்.

புளூ நோட்டும் தர்மச் சத்திரம் நடத்தவில்லை. தட்டு விற்கத்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் ஒத்திகைக்கும் கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் என்று அந்த நிறுவனத்துக்குப் பெயர். வாசித்தவர் பெயர் அட்டையில் பெரிய எழுத்தில் வந்தது. ஆர்கன், பாஸ், டிரம்ஸ் யார் என்பதும் வந்தது. அறுபது வருஷம் கழித்து அந்த நான்கு பெயர்களையும் இங்கே எழுத முடிகிறது என்றால் காரணம் அதுதான். இன்று மனநிலைப் பட்டியலில் ஓடும் ஒரு கற்பனைப் பெயருக்குப் பின்னால் உள்ள சாக்சபோன்காரரைப் பற்றி அறுபது வருஷம் கழித்து யார், எதை வைத்து எழுதுவார்கள்?

கணக்கியலில் முதல் பாடமே இரட்டைப் பதிவு. ஒரு கணக்கில் வரவு வந்தால் இன்னொரு கணக்கில் பற்று இருந்தே ஆக வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் பேரேடு பொய். கேட்பவருக்குக் கிடைக்கும் இளைப்பாறல் ஒரு வரவு. அதற்குப் பற்று எழுதப்பட்ட கணக்குகள் நான்கு: கியூபெக், ரோச், ஹின்டன், ஹேர்வுட். 'ரிலாக்ஸிங்' என்ற ஒரே வார்த்தையில் இந்தப் பக்கத்தை மட்டும் எழுதிவிட்டு அந்தப் பக்கத்தைக் கிழித்துப்போடுவதுதான் இங்கே குற்றம்.

பரிகாரம் ரொம்பப் பெரிதில்லை. இந்த ஆல்பம் ஏறக்குறைய நாற்பது நிமிஷம். ஒரு தடவை, வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் கேட்டுப் பாருங்கள். கியூபெக் ஒரு வரியை முடித்துவிட்டு அடுத்ததை எடுக்கும் முன் மூச்சு வாங்கும் இடத்தையும், அந்த இடைவெளியில் ரோச் விரலை எடுக்கும் கணத்தையும் பிடித்துவிட்டால் போதும். அதற்குப் பிறகு எத்தனை தடவை வேண்டுமானாலும் சமையலறையில் ஓடவிட்டுக்கொள்ளலாம். கேட்டு முடித்தவருக்கு இளைப்பாற உரிமை உண்டு.